பழைய துப்பாக்கியும் புதிய கோதும்

ஜேர்மனி நாட்டின் நடுப்பகுதியிலே துரிங்கியக் காடு என்னும் மலைநாடு இருக்கின்றது. அதன் தென்சாரலில் அமைந்த சூல் என்னும் நகரம் பதினாறாம் நூற்றாண்டு முதலாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்பெற்றது. மலையிலே இரும்புத் தாது, காட்டிலே கரிக்கு வேண்டிய மரம், ஓடையிலே சம்மட்டிகளை இயக்கும் நீர்வேகம் ஆகிய மூன்றும் ஓரிடத்தே கூடியமையால் அங்கே கொல்லர் பெருகினர். முப்பதாண்டுப் போரின்போது, 1634ஆம் ஆண்டில், பகைவர் அந்நகரைத் தீக்கிரையாக்கினர். எஞ்சிய மக்கள் மீண்டும் உலை மூட்டினர், தொழில் அழியவில்லை.

அந்நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் உலகெங்கும் காணப்படுகின்றன. அவற்றின் இரும்பிலே ஓக்கு இலைகளும் மான்களும் காட்டுப்பன்றிகளும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கொல்லாமையைப் போற்றும் மரபினர்க்கு வேட்டைத் துப்பாக்கி உவப்பான பொருளன்று. ஆயினும் கைத்தொழிலின் நேர்த்தி எங்கே இருப்பினும் அது மதிக்கத்தக்கதேயாகும். நூறாண்டு கடந்தும் பூட்டு இறுகி, குழல் துலங்கி நிற்கும் அத்துப்பாக்கிகளுள் பல வாய் பேசா ஊமைகளாய் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றுக்கு உரிய தோட்டா இன்று கடைகளிற் கிடைப்பதில்லை என்பதே காரணம். கடையாணி கழன்ற வண்டி எத்துணை அழகியதாயினும் ஓடாது. தோட்டா இல்லாத துப்பாக்கியின் நிலையும் அதுவே.

தோட்டாவிலே நான்கு உறுப்புகள் உண்டு. இலக்கை நோக்கிப் பாய்வது சன்னம். அதனைத் தள்ளுவது வெடிமருந்து. மருந்துக்குத் தீ மூட்டுவது கேப்பு. இம்மூன்றையும் ஒருங்கே தாங்கி நிற்பது பித்தளைக் கோது. சன்னத்தை ஈயத்தில் வார்த்துக்கொள்ளலாம். மருந்தும் கேப்பும் உரிமம் உடையோர்க்குக் கிடைக்கும் பொருள்களே. கோது ஒன்றுதான் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி அளவினதாக அமைய வேண்டியது. ஆகவே பழைய துப்பாக்கிக்கு மீண்டும் குரல் கொடுக்க விரும்புவோர் முதலிலே தேடுவது கோதையே.

கோது வெறும் உறையன்று. அதன் பணியை அறிய விரும்புவோர் அது இல்லாத காலத்தை நினைத்துப் பார்த்தல் நன்று. துரிங்கியாவின் சொம்மெர்டா என்னும் ஊரிற் பிறந்த நிக்கொலாஸ் திறைசே என்பார் அமைத்த ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்ய அரசு 1841ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. குழலின் பின்புறத்தால் தோட்டாவை இடும் அத்துப்பாக்கி அக்காலத்துப் போர்முறையையே மாற்றியது. ஆனால் அதன் தோட்டா காகிதத்தால் ஆனது. வெடித்த மருந்தின் சூடான வாயு பின்வாயின் இடுக்குகளால் கசிந்து சுடுவோனின் முகத்தை நோக்கி வந்தது.

பித்தளைக் கோது அக்குறையைத் தீர்த்தது. மருந்து வெடிக்கும் கணத்திலே கோதின் மெல்லிய சுவர் விரிந்து, தோட்டா அறையின் இரும்புச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கின்றது. வாயு பின்னோக்கி வர வழியில்லை. அழுத்தம் தணிந்தவுடன் பித்தளை தன் மீள்தன்மையாற் சிறிது சுருங்குகின்றது. கோது எளிதிற் கழன்று வருகின்றது. ஆகவே சுடுவோனின் கண்ணுக்கும் கைக்கும் காவலாக நிற்பது அந்த மெல்லிய சுவரேயாகும். மௌசர் சகோதரரின் 1871ஆம் ஆண்டுத் துப்பாக்கி இத்தகைய கோதினைக் கொண்டிருந்தது. வேட்டைத் துப்பாக்கி செய்வோரும் அவ்வழியே சென்றனர்.

அடுத்து எழும் வினா ஒன்றுண்டு. படைத் துப்பாக்கிகளுக்கு ஓர் அளவு போதுமாயிருக்க, வேட்டைத் துப்பாக்கிகளுக்கு மட்டும் ஏன் நூற்றுக்கணக்கான கோது வகைகள் தோன்றின? இதற்கு விடை வரலாற்றிலே இருக்கின்றது. 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் வேட்டை பிரபுக்களின் தனியுரிமையாய் இருந்தது. புரட்சியின் பின், நிலத்துக்கு உரியவனே அந்நிலத்து வேட்டைக்கும் உரியவன் என்னும் கொள்கை வலுப்பெற்றது. உழவரும் வணிகரும் வேட்டைக்குப் புறப்பட்டனர். ஒரே காட்டில் ஒரே காலையில் முயலும் வரலாம், மானும் வரலாம், காட்டுப்பன்றியும் வரலாம். எனவே இரண்டு சிறுரவைக் குழல்களையும், அவற்றின் கீழே ஒரு தனிச் சன்னக் குழலையும் ஒன்றாகப் பொருத்திய முக்குழல் துப்பாக்கி தோன்றியது. மூன்று என்னும் பொருளுடைய ஜேர்மன் சொல்லடியாக அதனை டிறில்லிங் என்று அழைத்தனர்.

இத்துப்பாக்கிகள் பெருந்தொழிற்சாலைகளில் ஒரே அச்சிலே பிறந்தவை அல்ல. சிறு பட்டறைகளிலே வாங்குவோனின் விருப்பத்துக்கேற்ப ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டவை பல. பட்டறைக்காரன் தன்னிடம் உள்ள துளைக்கருவியாலேயே தோட்டா அறையைக் குடைந்தான். அது தேயத் தேய அறையின் அளவும் சிறிது வேறுபட்டது. ஒரே பெயருடைய தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட இரு துப்பாக்கிகள் ஒன்றின் கோதை மற்றொன்று ஏற்காத நிலையும் உண்டாயிற்று. கார்ல்ஸ்றூ நகரத்துத் தோட்டாத் தொழிற்சாலை தான் செய்த கோது வகைகளுக்கு இலக்கமிட்டே கணக்கு வைத்தது. அவ்விலக்கங்கள் நூற்றுக்கணக்கிற் பெருகின.

கோதுகளுக்குப் பெயரிடும் முறை எளிதானது. 9.3 × 72 ஆர் என்றால், குழலின் அளவு 9.3 மில்லிமீற்றர், கோதின் நீளம் 72 மில்லிமீற்றர். ஆர் என்னும் எழுத்து அடியிலே புறந்தள்ளிய விளிம்பு உண்டு என்பதைக் குறிக்கும். ஆனால் இப்பெயர் எல்லாத் துப்பாக்கியிலும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடவேண்டும் என்னும் சட்டம் ஜேர்மனியில் 1891இல் இயற்றப்பட்டு 1893இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி குழலிற் பொறிக்கப்பட்ட எண் மில்லிமீற்றர் அளவன்று. ஓர் இறாத்தல் ஈயத்தை அத்துளைக்கு ஏற்ற எத்தனை உருண்டைகளாக வார்க்கலாம் என்னும் எண்ணே பொறிக்கப்பட்டது. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்று நம்மவர் கூறுவதும் இக்கணக்கையே தழுவியது. ஆகவே 118.35 என்று ஒரு குழலிற் கண்டால், அது ஏறத்தாழ 8.6 மில்லிமீற்றர்த் துளையைக் குறிக்கும். தோட்டா அறையின் நீளத்தையோ வடிவத்தையோ அந்த எண் சொல்வதில்லை. 1912ஆம் ஆண்டை ஒட்டியே மில்லிமீற்றர் அளவுகள் வழக்கத்துக்கு வந்தன.

இவ்வாறு பல்கிப் பெருகிய வகைகளை இரண்டு பெரும்போர்கள் அருகச் செய்தன. முதலாம் போரின் பின் 1919இல் எழுதப்பட்ட வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் ஆயுதத் தொழிலைக் கட்டுப்படுத்தியது. இரண்டாம் போரின் முடிவிலே, 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படை சூல் நகரைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஜூலையில் துரிங்கியா சோவியத் படையின் வசமாயிற்று. மக்கள் தம்மிடம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது வென்றோரின் கட்டளை. தந்தை மகனுக்கு வைத்துச் சென்ற துப்பாக்கிகள் குவியல்களிலே வீழ்ந்தன. பல அழிக்கப்பட்டன; பலவற்றை அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாகத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். துப்பாக்கி கடல் கடந்தது. அதற்குரிய தோட்டாவோ உடன் செல்லவில்லை. தொழிற்சாலைகள் மீண்டும் இயங்கியபோது, விலைபோகும் சில வகைகளை மட்டுமே செய்தன. எஞ்சியவை பட்டியலிலிருந்து மறைந்தன.

அத்தகைய துப்பாக்கி ஒன்றைக் கையிற் பெற்றவன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. தோட்டா அறையை மேலும் குடைந்து, கடையிற் கிடைக்கும் தோட்டா ஒன்றுக்கு ஏற்றதாகத் துப்பாக்கியை மாற்றிவிடுவது ஒரு வழி. அது விரைவானது, செலவும் குறைந்தது. ஆனால் வெட்டிய இரும்பு மீண்டும் வளராது. செய்தவனின் அளவு அன்றோடு அழிந்துபோகும். அன்றியும் பழைய மருந்தின் மெல்லிய அழுத்தத்துக்கென்று அமைந்த உலோகத்தின் மேல் புதிய தோட்டாவின் கடிய அழுத்தத்தை ஏற்றுவது ஆபத்துமாகும். துப்பாக்கியைத் தொடாமல் அதன் அறைக்கேற்ற கோதைப் புதிதாகச் செய்துகொள்வது மற்றைய வழி. செருப்புக்கேற்பக் காலை வெட்டுவார் இல்லை. காலுக்கேற்பவே செருப்பைத் தைக்கின்றனர். கோது செய்யும் கைவினைஞர் பின்பற்றுவதும் இவ்வழியையே.

அவர்களுடைய வேலை அளவெடுப்பதிலே தொடங்குகின்றது. பிஸ்மத் கலந்த கலப்புலோகம் ஒன்றுண்டு. அது கொதிநீரின் வெப்பத்தினும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். குழலின் முன்புறத்தை அடைத்து, அவ்வுலோகத்தைத் தோட்டா அறையினுள் வார்த்து, ஆறியபின் தள்ளி எடுத்தால், அறையின் வடிவம் அப்படியே கைக்கு வரும். முற்காலத்தார் இதற்குக் கந்தகத்தை உருக்கி வார்த்தனர். அடியின் விட்டம், வாயின் விட்டம், விளிம்பின் தடிப்பு, சரிவின் சாய்வு ஆகிய அனைத்தும் அவ்வார்ப்பிலிருந்தே அளக்கப்படுகின்றன. குழலின் மேலே பொறித்த எழுத்து ஒன்றைக் கூற, வார்ப்பு வேறொன்றைக் கூறுமாயின், வார்ப்பு கூறுவதையே கைவினைஞன் நம்புகின்றான்.

அடுத்தபடி, உறவுக் கோது ஒன்றைத் தேட வேண்டும். அடியின் அளவு ஒத்ததாய், நீளம் மிகுந்ததாய், இன்றும் செய்யப்படுவதாய் உள்ள கோதே அதற்கு உகந்தது. நீண்டதைக் குறைக்கலாம், குறுகியதை நீட்ட முடியாது. சூல் நகரத்து அடோல்ஃப் ஃபுரோன் அமைத்த 8.15 × 46 ஆர் என்னும் தோட்டாவை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். குறிபார்த்துச் சுடும் ஜேர்மானியச் சங்கங்களிலே பெரிதும் வழங்கிய தோட்டா அது. மான் வேட்டைக்கும் பயன்பட்டது. அதற்கு உறவாய் வாய்த்தது, வின்செஸ்டர் துப்பாக்கிக்கென அமெரிக்காவில் 1895இல் வெளிவந்த முப்பது-முப்பது என்னும் தோட்டாவின் கோது. அது ஏறத்தாழ 52 மில்லிமீற்றர் நீளமுடையது. அதனை 46 மில்லிமீற்றராகக் குறைத்து, ஒடுங்கிய வாயை அகலித்து, எஃகு அச்சினுள் அழுத்தி வடிவத்தை மாற்றி, விளிம்பைக் கடைசல் இயந்திரத்திலே அத்துப்பாக்கிக்கு ஏற்பக் குறைத்தால், பழைய ஜேர்மன் அறைக்குப் பொருந்தும் கோது பிறக்கின்றது.

பழைய கோதுகளையே மீண்டும் பயன்படுத்தினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். பழைய கேப்புகளில் இரசம் கலந்த வெடிப்பொருள் இருந்தது. அவ்விரசம் பித்தளையினுள் ஊறி அதனை நொறுங்கும் தன்மையதாக்கிவிடும். பார்வைக்கு முழுமையாய்த் தோன்றும் பழைய கோது, சுடும் கணத்திலே பிளக்கக்கூடும். எனவேதான் புதிய பித்தளை வேண்டப்படுகின்றது.

கோதுக்குரிய பித்தளை நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் சேர்ந்தது. தட்டத் தட்ட, அழுத்த அழுத்த, அது கடினமாகும். குடமும் செம்பும் அடிக்கும் கன்னார் இதனை நன்கு அறிவர். சம்மட்டியின் கீழே தகடு விறைத்தவுடன், வெடிக்கு முன் அதனை உலையிலிட்டு இளக்கி எடுத்து மீண்டும் அடிப்பர். கோது செய்வோனும் அதையே செய்கின்றான். ஆனால் அவன் கோதின் வாய்ப்புறத்தை மட்டுமே இளக்கலாம். அடிப்பகுதி கடினமாகவே இருத்தல் வேண்டும். முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுவே. இதற்கென ஒரு பழைய உபாயம் உண்டு. தட்டிலே ஆழமில்லாத நீரை விட்டு, கோதுகளை அதில் நிமிர்த்தி நிறுத்தி, நீருக்கு மேலுள்ள வாய்ப்பகுதியைச் சுடரால் சூடாக்குவர். நீரில் நிற்கும் அடி சூடேறாது. அடியையும் இளக்கிவிட்ட கோது வெளிப்பார்வைக்கு நல்ல கோதைப்போலவே இருக்கும். அதனை நம்பிச் சுடுபவனின் முகமே அத்தவற்றுக்கு விலை கொடுக்கும்.

இளக்குதலின் இன்றியமையாமையை உலகம் உணர்ந்த வரலாறு நமது பருவமழையோடு தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்திலே தோட்டாக்களைக் குதிரை இலாயங்களில் வைத்துக் காப்பது வழக்கம். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், எவரும் தொடாத கோதுகளிலே வெடிப்புகள் காணப்பட்டன. பருவத்தோடு வந்தமையால் அதனைப் பருவ வெடிப்பு என்றனர். 1921ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆய்வாளர் மூவர் அதன் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஆவியும், குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கிய பித்தளையினுள் அடங்கிக் கிடந்த இறுக்கமும் சேர்ந்தே வெடிப்பை விளைத்தன. இளஞ்சூட்டிலே வைத்து அவ்விறுக்கத்தைத் தளர்த்தியபின் அத்தொல்லை நீங்கியது. இன்றும் கோது செய்வோர் அமோனியா கலந்த துலக்கு மருந்தைப் பித்தளைக்கு அருகிலும் கொண்டு செல்லார்.

பொருந்திவிட்டது என்பதாலேயே ஒரு தோட்டா ஆபத்தற்றது என்று கொள்ளலாகாது. ஜேர்மன் படையின் 1888ஆம் ஆண்டுத் தோட்டா 8 × 57 அளவினது. அதன் சன்னம் ஏறத்தாழ 8.09 மில்லிமீற்றர் விட்டமுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே படை கூர்நுனியுள்ள புதிய சன்னத்தை ஏற்றது; அதன் விட்டம் ஏறத்தாழ 8.22 மில்லிமீற்றர். வேறுபாடு ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கே. கோதோ இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய குழலை உடைய வேட்டைத் துப்பாக்கிகள் பழைய அளவிலேயே நின்றன. புதிய தோட்டா அவற்றின் அறையினுள் தடையின்றிப் புகும். ஆனால் தடித்த சன்னம் ஒடுங்கிய குழலினுள் நெருக்குண்ண, அழுத்தம் எல்லை மீறும். பழையதை ஐ என்றும் புதியதை ஐ-எஸ் என்றும் குறித்தனர். ஐ என்பது காலாட்படையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. பழைய ஜேர்மன் அச்செழுத்தில் ஐயும் ஜேயும் ஏறக்குறைய ஒரே உருவின ஆதலின், அமெரிக்கர் அதனை ஜே என்றே வாசித்தனர், அப்பெயரும் நிலைத்துவிட்டது.

மருந்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கிகள் மெல்ல எழும் அழுத்தத்துக்கென்று அமைந்தவை. புகையில்லா மருந்து 1880களில் வந்தபின் அழுத்தம் மிகுந்தது. புதிய மருந்தால் சோதிக்கப்பட்ட குழலிலே நைட்றோ என்னும் முத்திரை இருக்கும். அது இல்லாத குழலுக்குப் புதிய மருந்தின் முழு வேகத்தையும் தருதல் தகாது. கோது எவ்வளவு நேர்த்தியாய் அமைந்தாலும் குழலின் வலிமையை அது கூட்டித் தராது. ஆகவேதான் ஜேர்மனியிலே தோட்டாவுக்கு மருந்திட விரும்புவோர் உரிய பயிற்சியும் அரசின் அனுமதியும் பெறல் வேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. நம் நாட்டிலும் துப்பாக்கி உரிமத்துக்கு உட்பட்ட பொருளேயாதலின், இது விளையாட்டாய்ச் செய்து பார்க்கத்தக்க வேலையன்று.

உறவுக் கோது எதுவும் அகப்படாத துப்பாக்கிகளும் உண்டு. அவற்றுக்காகப் பித்தளைக் கம்பியைக் கடைசலிலே பூட்டி, உள்ளும் புறமும் கடைந்து, கோதுகளை ஒவ்வொன்றாகச் செய்கின்றனர். ஒரு நாட் பொழுதிலே சில கோதுகளே உருவாகும். அவற்றால் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பழைய துப்பாக்கி முழங்கும். இதற்காக இத்துணை உழைப்பா என்று வியப்போர் உளர். ஆனால் கோதைச் செய்து முடித்தவன் முன்னர் அறியாத பலவற்றை அறிந்தவனாகின்றான். அறையைக் குடைந்தவனின் கருவி எங்கே தேய்ந்திருந்தது, அவன் எவ்விடத்தில் இறுக்கம் வைத்தான், எவ்விடத்தில் இடம் விட்டான் என்பவற்றை வார்ப்பும் அளவுகோலும் அவனுக்குச் சொல்கின்றன. பெயரும் தெரியாத ஒரு சூல் நகரத் தொழிலாளியின் கைப்பழக்கம் நூறாண்டுக்குப் பின் மற்றொருவனின் கையிலே தெளிவாகின்றது. அறையை வெட்டி அகலித்திருந்தால் அச்செய்தி இரும்புத் தூளாய்த் தரையில் உதிர்ந்திருக்கும்.

இன்று சூல் நகரத்திலே ஆயுத அருங்காட்சியகம் ஒன்று இருக்கின்றது. அங்கே கண்ணாடிக்குப் பின்னே வரிசையாய் நிற்கும் துப்பாக்கிகள் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. பழைய தோட்டாக் கோது எவர் கண்ணையும் எளிதிற் கவர்வதன்று. எனினும், முன்னோர் செய்த பொருளைத் தம் வசதிக்கேற்ப வெட்டாமல், அதன் அளவை அறிந்து அதற்கு வேண்டியதைச் செய்து கொடுப்பவர் இருக்கும்வரை, விரல் நீளமுள்ள அந்தப் பித்தளைத் துண்டு அவற்றை உயிருள்ள கருவிகளாக வைத்திருக்கும்.